ரேணிகுண்டாவில் இறங்குவோர் காணாத கோட்டையும் காடும்

ரேணிகுண்டா: சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் ரயில்கள் ரேணிகுண்டா சந்திப்பில் நின்றதும், பயணிகளின் கண்கள் மேற்கே தெரியும் மலைத் தொடரைத் தேடுவது வழக்கம். மொட்டை அடிக்கக் காத்திருக்கும் குழந்தைகளுடனும் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையுடனும் வரும் தமிழகக் குடும்பங்களுக்கு இந்த ஊர் ஏழுமலையானின் வாசற்படி.

2016 ஆகஸ்ட் தொடக்கத்தில் இதே ரயில் நிலையத்தில், சென்னையிலிருந்து வந்த கருடாத்ரி எக்ஸ்பிரஸில் இருந்த தமிழகத்தைச் சேர்ந்த 32 பேரை ஆந்திரக் காவல்துறையினர் கைது செய்தனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. கோயிலுக்குச் சென்றவர்கள் என்றனர் உறவினர்கள். அன்றைய தமிழக முதல்வர் ஜெயலலிதா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கைதானவர்களுக்கு வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்யவும் உத்தரவிட்டார்.

ஒரே ரயிலில், ஒரே மொழி பேசியபடி வருபவர்களில் பக்தர் யார், மரம் வெட்டி யார் என்ற கேள்வி எழும் இடமாக ரேணிகுண்டா மாறியது எப்படி? அதற்கான விடை, இங்கிருந்து 25 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சந்திரகிரி என்ற சிற்றூரிலும், அதன் பின்புறம் எழும் சேஷாசலம் காடுகளிலும் கிடைக்கிறது. திருமலைக்கு வருவோரில் மிகச் சிலரே அந்தப் பக்கம் திரும்புகின்றனர்.

எல்லையின் சந்திப்பு: சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக மும்பை செல்லும் இருப்புப் பாதையில், ஏறத்தாழ 135 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது ரேணிகுண்டா. ராய்ச்சூரில் இரு ரயில்வே நிறுவனங்களின் பாதைகள் இணைந்து சென்னைக்கும் மும்பைக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்ட 1871ஆம் ஆண்டு முதல், இந்த வழியின் முக்கியத்துவம் குறையவில்லை. காளஹஸ்தி வழியாக கூடூருக்கு ஒரு பாதையும், திருப்பதி, பாகாலா வழியாக காட்பாடிக்கு மற்றொரு பாதையும் இங்கிருந்து பிரிகின்றன. திருப்பதி விமான நிலையம் என்று அழைக்கப்படுவதும் ரேணிகுண்டாவில்தான் அமைந்துள்ளது. அதன் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 அக்டோபரில் திறந்து வைத்தார்.

இந்த ஊர் 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் தமிழர்களின் நினைவில் இந்தப் பகுதிக்கு வேறொரு பெயர் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாகக் குறிப்பிடும் வேங்கடம் இதுவே.

சென்னை மாகாணத்திலிருந்து 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குச் சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், பின்னர் எச்.வி.படாஸ்கர் அளித்த பரிந்துரையின் அடிப்படையிலும் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. அதற்கான எல்லை மாற்றச் சட்டத்தை நாடாளுமன்றம் 1959-ல் நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. திருப்பதியும் ரேணிகுண்டாவும் சந்திரகிரியும் ஆந்திரத்திலேயே நின்றன.

அந்தச் சட்டம் நிறைவேறியபோது மக்களவைத் தலைவராக இருந்தவர் எம்.அனந்தசயனம் ஐயங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தவர். முதல் மக்களவையில் திருப்பதியையும், இரண்டாவது மக்களவையில் சித்தூரையும் பிரதிநிதித்துவப்படுத்தியவர். தமது சொந்த மாவட்டத்தின் எல்லை மாற்றி வரையப்பட்ட காலத்தில் அவையை நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கோட்டைக்குள் சென்னையின் தொடக்கம்: திருப்பதியிலிருந்து மேற்கே அரை மணி நேரப் பயணத்தில் வருகிறது சந்திரகிரி. ஸ்வர்ணமுகி ஆற்றின் கரையில், ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள பாறைக் குன்றைச் சுற்றி எழுப்பப்பட்டது இங்குள்ள கோட்டை. யாதவராயர்கள் காலத்தில் தொடங்கியதாகக் கூறப்படும் இக்கோட்டை, 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மரின் கையில் இருந்தது. இங்கிருந்து வலுப்பெற்ற அவர்தான் 1485-ல் விஜயநகர அரியணையைக் கைப்பற்றினார்.

தலைக்கோட்டைப் போரில் 1565-ல் விஜயநகரம் வீழ்ந்த பின்பு, அரச குடும்பம் முதலில் பெனுகொண்டாவுக்கும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கும் இடம் பெயர்ந்தது. பின்னர் வேலூரும் தலைநகராயிற்று. ஹம்பியைத் தெரிந்தவர்களில் பலருக்கும், அந்தப் பேரரசின் கடைசிக் காலம் வேலூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் கழிந்தது என்பது தெரிவதில்லை.

சென்னை நகரின் தொடக்கமும் இந்த அரசுடன் பிணைந்தது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்குக் கடற்கரை நிலத்தை அளித்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கர், வந்தவாசியை ஆண்ட சிற்றரசர். இந்த விஜயநகர அரசருக்குக் கட்டுப்பட்டவர். கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் 1645-ல் அந்தக் கொடையைப் புதுப்பித்துக் கொடுத்தார். ஆவணம் எழுதப்பட்டது இந்தக் கோட்டையின் மகாலில்தான் என்பது ஊரார் சொல்லிவரும் செய்தி. இடம் எது என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்நிலம் சந்திரகிரி அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஓராண்டு கடப்பதற்குள், 1646-ல் கோல்கொண்டா படைகள் சந்திரகிரியைக் கைப்பற்றின. பிறகு ஆர்க்காட்டு நவாபின் தம்பி, 1782-ல் ஹைதர் அலி என்று கை மாறி, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை வரை மைசூர் ஆதிக்கத்தில் இருந்தது கோட்டை.

மரமில்லாத மகால்: கோட்டைக்குள் இன்று நின்றிருப்பவை ராஜ மகால், ராணி மகால் என்ற இரு மாளிகைகளும், சிதைந்த நிலையில் உள்ள எட்டுக் கோயில்களும். மூன்று அடுக்குகள் கொண்ட ராஜ மகாலை இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகமாகப் பராமரித்து வருகிறது. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி ஆகிய இடங்களிலிருந்து வந்த சிற்பங்கள் இங்கு வைக்கப்பட்டுள்ளன. நாட்டின் மிகப் பழமையான லிங்கங்களுள் ஒன்று உள்ள குடிமல்லம், ரேணிகுண்டாவுக்கு அருகே ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ளது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இந்த மகாலைப் பற்றி தொல்லியல் துறை தரும் குறிப்புகளில் ஒன்று கவனத்துக்குரியது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே கட்டப்பட்ட கட்டடம் இது. கட்டுமானத்தில் மரம் பயன்படுத்தப்படவில்லை. உலகிலேயே விலை மிகுந்த மரங்களுள் ஒன்று வளரும் காடு, இதே கோட்டைக்குப் பின்னால் தொடங்குகிறது.

சந்திரகிரியிலிருந்து திருமலைக்கு ஒரு பழைய நடைபாதையும் உண்டு. ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு என்ற அந்தப் படி வழியில்தான் விஜயநகர அரசர்கள் மலையேறினர் என்பது மரபு. அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள். இதில் 2,400-க்கும் குறைவு. தமிழகப் பக்தர்கள் பலர் இப்போது இந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றனர். படிகளின் இருபுறமும் இருப்பது, காவல் நிலையப் பதிவேடுகளில் அடிக்கடி இடம்பெற்ற அதே காடு.

சேஷாசலம் காடுகள்: முந்தைய சித்தூர், கடப்பா மாவட்டங்களில் 4,755 சதுர கிலோ மீட்டர் பரப்பில் விரிந்துள்ள சேஷாசலம், 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் 1989-ல் அமைக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா உள்ளது. தலகோனா அருவி இக்காட்டின் பெயர்பெற்ற சுற்றுலாத் தலம். தேவாங்கு, பொன்னிறப் பல்லி, இம்மலைகளில் மட்டுமே காணப்படும் ஒருவகை ஈந்துப்பனை போன்ற தாவரமான சைகஸ் பெட்டோமி ஆகியவை ஆய்வாளர்களை இங்கு வரவழைக்கின்றன. இந்தச் சைகஸ் செடி, பன்னாட்டு வணிகம் அறவே தடை செய்யப்பட்ட பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

காட்டுக்கும் பக்தர் கூட்டத்துக்கும் இடையிலான தொலைவு குறைந்து வருவதை 2023 ஆகஸ்ட் நிகழ்வு காட்டியது. அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் சென்ற 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. அதன் பிறகு கூண்டுகள் வைத்துச் சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. நடந்து செல்வோருக்குத் தேவஸ்தானம் கைத்தடி வழங்கியது.

ஆனால் இந்தக் காட்டுக்கு உலகப் புகழும் தீராத பழியும் தேடித் தந்தது செம்மரம்தான். தெலுங்கில் எர்ர சந்தனம் எனப்படும் இம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாக இந்த மாவட்டங்களில், இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கைக் காடு இல்லை. கருஞ்சிவப்பு வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனாவில் உயர்விலை மரச் சாமான்களுக்கும், ஜப்பானில் இசைக் கருவிகளுக்கும் இம்மரம் விரும்பப்படுகிறது. வளரும் இடம் ஒரு மலைத் தொடர், வாங்கும் சந்தை பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் என்பதே இதன் விலைக்கும் கடத்தலுக்கும் அடிப்படை.

சட்டத்தின் பிடி: அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாவது பட்டியலில் செம்மரம் 1995-ல் சேர்க்கப்பட்டது. காட்டு மரத்தை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை விதித்துள்ளது. வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையிலும், டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது, சைட்டீஸ் பட்டியல் முழுவதும் இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. செம்மரம் நான்காவது அட்டவணையில் இடம்பெற்றது. ஆந்திர அரசும் தனது வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது.

மற்றொருபுறம், பறிமுதல் செய்யப்பட்ட கட்டைகளை விற்கும் உரிமை அரசுக்கு உண்டு. கிடங்குகளில் குவிந்திருந்த சுமார் 8,500 டன் செம்மரத்தை ஏற்றுமதிக்கு விற்க மத்திய வணிக அமைச்சகம் ஆந்திரத்துக்குச் சிறப்பு அனுமதி அளித்தது. மாநிலப் பிரிவினைக்குப் பிறகு நிதி நெருக்கடியில் இருந்த ஆந்திர அரசு, 2014 முதல் உலக அளவில் ஏலம் நடத்தியது. கடத்தல்காரர்களுக்குக் கிடைக்கும் பணம் என்ன என்பதை ஊருக்கு வெளிப்படையாக அறிவித்ததும் இந்த ஏலங்களே.

இருபது உடல்கள்: 2013 டிசம்பர் 15-ஆம் தேதி, சேஷாசலம் காட்டுக்குள் ரோந்து சென்ற வனத்துறை அதிகாரிகள் இருவர் மரம் வெட்டும் கும்பலால் கொல்லப்பட்டனர். கடமையில் உயிர்நீத்த அவர்களது மரணம் ஆந்திர வனத்துறையினரிடையே ஆழ்ந்த கோபத்தை ஏற்படுத்தியது. தமிழகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கொன்றவர்கள் யார் என்பது நிறுவப்படாமலேயே, பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தனர்.

இதற்கிடையே, 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அதிகாலை, ஸ்ரீவாரி மெட்டுக்கு அருகே உள்ள வனப்பகுதியில் இரண்டு இடங்களில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பேருந்தில் வந்தவர்கள் வழியிலேயே இறக்கி அழைத்துச் செல்லப்பட்டனர் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். உடல்களின் அருகே கிடந்த கட்டைகள் சிலவற்றில் பழைய பெயின்ட் குறிகள் இருந்ததை மனித உரிமை அமைப்பினர் சுட்டிக் காட்டினர்.

அன்றைய தமிழக முதல்வர் ஓ.பன்னீர்செல்வம், ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதி விசாரணை கோரினார். குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. இறந்தவர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் ஹைதராபாத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்பு, சந்திரகிரி காவல் நிலையத்தில் சிறப்புப் படையினர் மீது கொலை வழக்கு பதிவாயிற்று. மத்தியப் புலனாய்வுக் கழகம் விசாரிக்க வேண்டும், குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்று மனித உரிமை ஆணையம் 2015 மே மாதம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துத் தடை பெற்றது. மாநில அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம்தான் விசாரணை இருந்தது.

துப்பாக்கிச் சூட்டின்போதும், ரேணிகுண்டா கைதுகளின்போதும் ஆந்திர முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிபள்ளி, சந்திரகிரி மண்டலத்தைச் சேர்ந்தது. 1978-ல் அவர் முதன்முதலாகச் சட்டப் பேரவைக்குத் தேர்வானதும் சந்திரகிரி தொகுதியிலிருந்துதான். அவர் 2024 ஜூனில் மீண்டும் முதல்வரானார்.

சாவுகள் 2015-உடன் நின்றுவிடவில்லை. 2018 பிப்ரவரியில், சேலம் மாவட்ட மலைக் கிராமங்களைச் சேர்ந்த ஐவரின் உடல்கள் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மிதந்தன. 2024 பிப்ரவரியில், சோதனையில் ஈடுபட்டிருந்த சிறப்புப் படைக் காவலர் ஒருவரைக் கடத்தல் வாகனம் மோதிக் கொன்றது. இரு தரப்பிலும் இறந்தவர்கள் மாதச் சம்பளத்துக்கோ கூலிக்கோ காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்கள். மரத்தை வாங்குவோரும் விற்போரும் அந்தக் காட்டுக்குள் கால் வைப்பதில்லை.

ஜவ்வாது மலையின் கணக்கு: திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை, ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்றது. மரம் வெட்டுவதும் வைரத்தைச் செதுக்கி எடுப்பதும் அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்குப் பழகிய வேலை. சந்தனம் அழிந்தது. மழையை நம்பிய சாமைப் பயிர் ஆண்டு முழுவதும் சோறு போடாது. கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் ஊர் ஊராகச் செல்பவர்களிடம், பல நாள் கூலியைச் சில நாளில் தருவதாக ஆசை காட்டுகின்றனர் தரகர்கள். முன்பணம் கைக்கு வந்த பின்பு திரும்பிப் போவது எளிதல்ல.

வெட்டப்படும் மரம், தொழிலாளியின் தோளில் காட்டைக் கடந்து, லாரிகளில் ஏறி, சென்னை போன்ற துறைமுகங்கள் வழியாகவும் நேபாள எல்லை வழியாகவும் வெளிநாடு செல்கிறது. கன்டெய்னர்களில் மறைத்து வைக்கப்பட்ட கட்டைகளை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பலமுறை பிடித்துள்ளது. முக்கியக் கடத்தல்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் 2015-ல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவரப்பட்டார். இத்தகைய கைதுகள் சில. மலைக் கிராமங்களிலிருந்து பிடிபட்டவர்களின் எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில்.

திரையரங்குகளில் இந்தக் கதைக்கு வேறு முடிவு. செம்மரக் கூலியாளாகத் தொடங்கிக் கடத்தல் தலைவனாக உயரும் நாயகனைக் காட்டிய புஷ்பா படங்கள் 2021-லும் 2024-லும் நாடெங்கும் வசூலைக் குவித்தன. முதல் படத்தின் நாயகனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023-ல் தில்லியில் வழங்கப்பட்டது. ஜவ்வாது மலையிலிருந்து சென்றவர்களில் பலர், விடுதலையாகி வீடு திரும்பியதையே பெரும் உயர்வாகக் கருதுகின்ற நிலையில் உள்ளனர்.

பங்கு யாருக்கு: 2023 நவம்பரில், செம்மரம் தொடர்பாக இந்தியா மீது 2004 முதல் சைட்டீஸ் வைத்திருந்த சிறப்புக் கண்காணிப்பு நீங்கியது. தோட்டங்களில் செம்மரம் வளர்க்கும் விவசாயிகள் ஏற்றுமதி செய்ய இது வழி திறக்கும் என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. பல்லுயிர்ச் சட்டத்தின்படி, செம்மர விற்பனையில் திரட்டப்பட்ட தொகையிலிருந்து ஆந்திர வனத்துறைக்கு 38 கோடி ரூபாய்க்கு மேல் வழங்க, சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025-ல் ஒப்புதல் அளித்தது. வளர்ப்போருக்கும் காப்போருக்கும் பங்கு தருவது நல்ல தொடக்கம்தான்.

ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டுள்ளது. மரத்தைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. விற்க வணிக அமைச்சகம் விதி வகுத்துள்ளது. வளர்க்க ஆணையம் நிதி தருகிறது. கோடரி பிடிக்கும் கைக்கு வேறு வேலை தருவது யார் என்பதில் மட்டும், அது தமிழகத்தின் பொறுப்பு என்று ஆந்திரமும், அத்துமீறல் ஆந்திரத்தினுடையது என்று தமிழகமும் கூறி வந்துள்ளன. எல்லைத் தகராறைத் தீர்க்க 1950-களில் ஒரு நடுவரை ஏற்ற இரு மாநிலங்கள், இந்தத் தகராறுக்கு ஒரு நிலையான கூட்டு ஏற்பாட்டைக் கூட யோசிக்க முடியும். மலை மக்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை, தரகர்கள் மீது தமிழக மண்ணிலேயே வழக்கு, பிடிபடுவோருக்கு அவர்கள் மொழி அறிந்த வழக்கறிஞர் ஆகியவை அதன் தொடக்கமாகலாம். இரு மாநிலங்களையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் மத்திய உள்துறையிடமும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும் உள்ளது.

திருமலைத் தரிசனம் முடிந்து ரயிலுக்கு நேரமிருப்பவர்கள், சந்திரகிரிக் கோட்டைக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். திருப்பதியிலிருந்து பேருந்துகளும், காட்பாடிப் பாதையில் ரயிலும் உண்டு. கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிவது சேஷாசலம். சென்னைக்கு நிலம் கொடுத்த அரசின் மாளிகையும், திருவண்ணாமலை மாவட்டத்துக் கூலிகளின் உயிரை வாங்கிய காடும் ஒரே பார்வைக்குள் அடங்கும் தொலைவில்தான் இருக்கின்றன.

மாலையில் ரேணிகுண்டா நடைமேடை மீண்டும் மொட்டைத் தலைகளாலும் லட்டுப் பைகளாலும் நிரம்பிவிடுகிறது. சென்னை செல்லும் ரயிலில் ஏறுவோரை எவரும் தடுத்து நிறுத்தி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பதில்லை. 2016-ல் இதே நிலையத்தில் இறக்கப்பட்ட 32 பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அவர்கள் சொன்ன பதிலைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே சிறைக்கதவு திறந்துவிட்டது.